நாய் உரிமம்: வரிசையில் நின்றவர்களும் நிற்காதவர்களும்

2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களின் வாசலில் நாயும் ஆளுமாக நீண்ட வரிசைகள். உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்திருந்தது. கெடு தேதி ஒரு தடவைக்கு மேல் தள்ளிப்போனது. உரிம ஏற்பாடு அதற்கு முன்பும் இருந்ததுதான். ஆண்டுக் கட்டணம் வெறும் 50 ரூபாய். அப்போதெல்லாம் எட்டிப் பார்க்காதவர்களை அபராதம் ஓடி வரவைத்தது. அந்த வரிசையில் வந்து நின்றவர்கள் யார், வராமல் போனவர்கள் யார் என்பதில்தான் இந்தத் திட்டத்தின் பலமும் குறையும் இருக்கின்றன.

பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது பெரிது. உரிமம் வேண்டுமென்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட சான்று வேண்டும். இப்போது மைக்ரோசிப்பும் கட்டாயம். அரிசி அளவுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் பதினைந்து இலக்க எண் ஒன்று இருக்கும். அதை நாயின் தோலுக்கடியில் ஊசியால் செலுத்துகிறார்கள். அதில் பேட்டரி கிடையாது, நாய் எங்கே திரிகிறது என்றும் அது காட்டாது. ரீடரை அருகில் பிடித்தால் எண் தெரியும். எண்ணைப் பதிவேட்டில் தேடினால் வளர்ப்பவரின் பெயரும் முகவரியும் கிடைக்கும். இவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் நாய் ஒருவரைக் கடித்துவிட்ட மறுநாள் இந்தச் சின்ன வேலையின் அருமை புரியும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. அந்தப் பத்து நாளும் நாய் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று கொள்ளலாம். கடிபட்டவருக்கு ஊசியை உடனே தொடங்கிவிடுவார்கள் என்றாலும், அது யார் வீட்டு நாய், தடுப்பூசி போட்டதா என்று தெரிவது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! வெறிநோய் கண்டபின் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அப்படிப்பட்ட நோயை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு நகரம் தன் நாய்களுக்குக் கணக்கு கேட்பதை அத்துமீறல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வேகத்துக்குக் காரணமான சம்பவங்களையும் மறக்க முடியாது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பகுதிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். பொது இடத்தில் நாய்க்குக் கயிறும் வாய்மூடியும் வேண்டும் என்ற விதி இந்தச் சூழலில் இறுகியது. அது சரியான விதி. அடுத்து மாநகராட்சி, இந்த இரண்டு இனங்களையும் புதிதாக வாங்கி வளர்க்கத் தடை என்று போனது. இங்கேதான் எனக்குத் தயக்கம். ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களைப் பட்டியலிட்டுத் தடை கேட்ட சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. பிரிட்டன் 1991-இல் இனத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. முப்பது ஆண்டு கடந்து, 2023 முடியும் வேளையில், எக்ஸ்எல் புல்லி என்ற இன்னொன்றை அதில் சேர்க்க வேண்டிவந்தது. ஒன்றைத் தடுத்தால் அதே முரட்டுத்தனத்தை விரும்புகிறவர்கள் அடுத்த இனத்தைத் தேடிப் போகிறார்கள். பெரிய தாடை கடித்தால் காயம் ஆழமாக இருக்கும் என்பது உண்மை. மக்களின் பயமும் நியாயமானது. ஆனால் கட்டவிழ்த்துவிட்ட கை யாருடையது, குட்டியை எங்கே வாங்கினார், விற்றவர் பதிவு பெற்றவரா என்று கேட்கும் விதிதான் அந்தப் பயத்துக்கு நேரான பதில். இனப் பட்டியல் எழுதச் சுலபம். நாய் விற்கும் இடங்களைத் தொடர்ந்து சோதிக்க ஆள் வேண்டும், நாள் வேண்டும்.

உரிமத்தை மக்கள் தாமாக வந்து வாங்கும்படி செய்த ஊர் கனடாவின் கால்கரி. அங்கே உரிமக் கட்டணத்தில் வரும் பணம் விலங்கு நலச் சேவைக்கே போகிறது. தொலைந்த நாய் கிடைத்தால் உரிம எண்ணைப் பார்த்து, காப்பகத்துக்குக் கொண்டுபோகாமல் நேரே வீட்டுக்கே கொண்டுவந்து விடும் பழக்கத்தை வளர்த்தார்கள். இனத் தடை கிடையாது. நாயின் நடத்தையைப் பார்த்துத்தான் கட்டுப்பாடு. உரிமம் எடுத்தால் தன் நாய் திரும்பி வரும் என்று அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பிரிட்டனில் நாய் உரிமக் கட்டணம் கடைசியில் 37 பென்ஸாக இருந்தது; வசூலிக்கும் செலவுக்குக்கூட அது காணவில்லை, வாங்கியவருக்கும் அதனால் எந்தப் பலனும் இல்லை. 1987-இல் அதை எடுத்தேவிட்டார்கள். சென்னையின் 50 ரூபாயை நினைத்தால் எனக்கு அந்த 37 பென்ஸ்தான் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூர் இன்னொரு வழி காட்டுகிறது: கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டு உரிமம் 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. எதைச் செய்தால் ஊருக்கு நல்லது என்பதை அந்தக் கட்டணமே சொல்லிவிடுகிறது. வீட்டில் ஈன்ற வேண்டாத குட்டிகள் தெருவுக்கு வரும் நம் ஊரில் இந்த வேறுபாடு முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வரிசையில் நிற்காத நாய்கள். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் கடற்கரைக் குப்பங்களிலும் உள்ள நாய்களில் பல, முழுக்க வீட்டு நாயும் அல்ல, முழுக்கத் தெரு நாயும் அல்ல. ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டுத் திண்ணையில் தூக்கம், பெயர் வைத்தது மூன்றாவது வீட்டுப் பிள்ளை. ராத்திரி அந்தச் சந்துக்குக் காவல் அதுதான். சட்டத்திடம் இருப்பவை இரண்டே பெட்டிகள். 2023-இல் வந்த ஒன்றிய அரசின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வளர்ப்பு நாயை உரிமையாளரின் பொறுப்பிலும், தெரு நாயை உள்ளாட்சியின் பொறுப்பிலும் வைக்கின்றன. இடையில் உள்ள இந்த நாய்க்கு இடமில்லை. 5,000 ரூபாய் என்பது தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்குப் பல நாள் வருமானம். அபராதம் போட ஆள் வந்தால் அந்த வீட்டம்மா என்ன சொல்வார்? "அது எங்க நாய் இல்ல சார், தெரு நாய்." அந்த ஒரு வாக்கியத்தோடு அந்த நாயின் ஊசிக்கும் கருத்தடைக்கும் பொறுப்பேற்க ஆள் இல்லாமல் போகிறது. பொறுப்பை வளர்க்க வந்த விதி, பாதிப் பொறுப்பு ஏற்றிருந்தவரையும் கைகழுவ வைக்கிறது.

2024-இல் எடுத்த கணக்கெடுப்பு சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெரு நாய்கள் என்றது. கருத்தடை செய்யப்பட்டவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த எண்ணுக்குள் இந்த இடைநிலை நாய்களும் கலந்திருக்கின்றன. இவற்றைப் பிடிக்க வலை வண்டி தேவையில்லை. சோறு போடும் கை கூப்பிட்டால் தானாக வரும். தடுப்பூசி முகாமுக்கு அவை அப்படித்தான் வர முடியும். ஆகவே அவற்றுக்கு மூன்றாவது பதிவு ஒன்று வேண்டும்: கட்டணமும் அபராதமும் இல்லாமல், தெருவின் பெயரில், சோறு போடும் இரண்டு மூன்று பேரின் தொலைபேசி எண்ணோடு, சிப்பும் ஊசியும் கருத்தடையும் மாநகராட்சிச் செலவில். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெரு நாய்களுக்கு உணவிட வார்டுதோறும் இடம் ஒதுக்கச் சொன்னது. அந்த இடங்களிலேயே, உணவிட வருகிறவர்களை வைத்தே, இந்தப் பதிவைத் தொடங்கலாம்.