முடக்குவாதம்: குற்றவாளி உடல் மட்டுமா?

முடக்குவாதம் பற்றிய நம் கட்டுரைகள் பெரும்பாலும், "உடலின் காவற்படை உடலையே தாக்குகிறது" என்று கூறி முடித்துவிடுகின்றன. உவமை நன்றுதான், ஆனால், பாதி விளக்கமே. காவற்படை ஏன் தடம் மாறியது?

புரதங்களிலுள்ள ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் நேர்மின்னூட்டம் உடையது. ஒரு நொதி அதைச் சிட்ருலினாக மாற்றும்போது அம்மின்னூட்டம் மறைகிறது. புரதத்தின் மடிப்பும் தளர்கிறது. இது எல்லார் உடலிலும் நிகழ்வதே. மரபுவழியில் இந்நோய்க்கு இடமுள்ள சிலரது உடலோ, மாறிய புரதத்தை அந்நியமெனக் கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவை இரத்தத்தில் தோன்றலாம்.

புகைபிடித்தால் நுரையீரலில் இம்மாற்றம் மிகுகிறது. தூசியும் அவ்வாறே செய்யலாம் என்று கருதுகின்றனர். பஞ்சு, நூல் தூசியில் உழைத்த பெண்களுக்கு இந்நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்கு என்றது, 2016இல் வெளியான மலேசிய ஆய்வு. இராஜபாளையம் நூற்பாலைகளையும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறிகளையும் எண்ணிப் பாருங்கள்!

ஓர் ஆய்வு முடிந்த முடிவாகாது. எனினும், உடலை மட்டும் குற்றவாளியாக்கும் விளக்கம் ஆலைக் காற்றைப் பற்றிக் கேள்வி எழாமல் செய்துவிடுகிறது. வாசகர்களே, விரல் மூட்டுகள் வீங்கிக் காலையில் நெடுநேரம் விறைத்திருந்தால் மருத்துவரை அணுகுங்கள். வலியுடன், செய்யும் வேலையையும் சொல்லுங்கள்.