மூலன் மனைவியின் வழக்கு

உயிர் தன் உடலை ஓரிடத்தே வைத்துவிட்டு வெளிச்சென்று உலாவுதலும் வேற்றுடலிற் புகுதலும் யோகியர்க்கு எய்தும் சித்திகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. பதஞ்சலியாரின் யோக சூத்திரம் மூன்றாம் பாதத்தில் இதனைக் கூறும். வடநூலார் பரகாயப் பிரவேசம் என வழங்குவதனைத் தமிழ்மக்கள் கூடுவிட்டுக் கூடுபாய்தல் என்பர். இச்சித்தி கைகூடுவதோ அன்றோ என்னும் ஆராய்ச்சிக்குள் யாம் புகவில்லை. இத்தகைய பயிற்சியுடையான் ஒருவன் தொழிலும் இல்லமும் உடைய மாந்தர் நடுவே வந்து நிற்கும்பொழுது, அத்தொழிற்கும் இல்லத்திற்கும் அவன் பட்ட கடன் யாது என்பதே ஈண்டு எம் வினா. இவ்வினாவைத் தமிழில் நேர்நின்று எழுப்பிய பெரும்புலவர் சேக்கிழார். அவர் அதனை எழுப்பிய இடம் திருமூல நாயனார் புராணம். இருபத்தெட்டே செய்யுள் கொண்ட இச்சிறு பகுதியை ஆகமப் பொருள் தமிழில் வந்த வரலாறாகவே அறிஞர் பலரும் போற்றுவர். அதன் நடுவே நின்று அழும் பெண்ணொருத்தியை நின்று நோக்கியோர் சிலரே.

அப்பெண் எங்கிருந்து வந்தாள் என்பதை முதற்கண் காண்டல் வேண்டும். சுந்தரர் அருளிய திருத்தொண்டத்தொகையில் திருமூலர் பெயர் உண்டு, வரலாறு இல்லை. நம்பியாண்டார் நம்பிகளின் திருத்தொண்டர் திருவந்தாதியில் சாத்தனூர் உண்டு, ஆநிரை உண்டு, ஆயனுடலிற் புகுந்த செய்தியும் உண்டு, மனைவி இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இவ்வரலாற்றை விரிக்கும்பொழுதே அவளைக் காண்கின்றோம். ஊர்வழக்கில் இருந்த செய்தியை அவர் எடுத்துக்கொண்டிருத்தலும் கூடும். எவ்வாறாயினும், தொகையும் வகையும் வேண்டாத ஒருத்தியை விரிநூல் வேண்டியது என்பது தெளிவு. ஆகமம் தமிழில் வருதற்கு அவள் எவ்வாற்றானும் காரணம் ஆகாள். அவளை நீக்கினும் கதை குன்றாது. நீக்கத்தக்க ஒன்றைப் பெரும்புலவர் நீக்காது விரித்தாராயின் அதன் காரணத்தை ஆராய்தல் திறனாய்வாளர் கடன்.

கதைப்போக்கை ஒருமுறை நினைவுகூர்வோம். கயிலையில் நந்தி தேவரின் அருள்பெற்ற மாணாக்கருள் ஒருவரான யோகியார் பொதியமலையில் அகத்தியரைக் காணும் விருப்பால் தெற்கு நோக்கி வருகின்றார். வழியிற் பல பதிகளை வணங்கிக் காவிரியைக் கடந்து ஆவடுதுறையை அடைந்து, அதனைவிட்டுப் பிரிய மனமின்றிப் பிரிந்து செல்லும்பொழுது, காவிரிக் கரையில் ஆநிரை அழக் காண்கின்றார். மேய்ப்பவனாகிய மூலன் இறந்து கிடக்கின்றான். பசுக்கள் அவனைச் சூழ்ந்து மோந்து கதறுகின்றன. அவன் உயிர் பெற்றாலன்றி அவற்றின் துயர் நீங்காது எனக் கருதிய யோகியார், தம் உடலைக் காவலான இடத்தில் வைத்துவிட்டு மூச்சின் வழியே மூலன் உடலிற் புகுந்து எழுகின்றார்.

எழுந்தவர் அடுத்துச் செய்தது யாது? பசுக்களின் துயர் தீர்ந்தது கண்டு மகிழ்ந்து, அவ்வளவில் தம் உடலுக்கு மீண்டிருக்கலாம். மீளவில்லை. அவை மேயுமிடத்தெல்லாம் பின்சென்றார்; நீருண்டு கரையேறியபின் நிழலிடத்தே அவற்றைக் காத்திருந்தார்; மாலையில் கன்றுகளை நினைந்து அவை தாமே ஊர் நோக்கி நடக்க, உடன் சென்று வீடுவரை சேர்ப்பித்தார். ஆயன் ஒருவன் ஒரு நாளிற் செய்யத்தகும் பணியனைத்தையும் ஒன்று விடாது செய்து முடித்தார். சேக்கிழார் இப்பகுதியைச் சுருக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. வடதிசையினின்று வந்த நெடும்பயணத்தைப் பதிகளின் பெயரால் விரைந்து சொல்லிச் செல்பவர் ஒரு பகற்பொழுதின் மேய்ச்சலை நின்று சொல்கின்றார். தொழிற்கடன் முற்ற நிறைவேறியது என்பதைக் கற்போர் ஐயமின்றி உணர்தல் வேண்டும் என்பதே அவர் கருத்துப் போலும்.

ஆநிரை தத்தம் மனை புகுந்தது. மேய்த்தவர் புகுதற்கு மனை இல்லை. வெளியே தனித்து நின்றார். இந்நிலையில்தான் மூலன் மனைவி வருகின்றாள். பொழுது சாய்ந்தும் கணவன் வராமை கண்டு அஞ்சித் தேடி வந்தவள், அவன் நின்ற நிலை கண்டு ஏதோ தீங்கு நேர்ந்ததென எண்ணி மெய் தீண்ட அணுகுகின்றாள். அவர் அதற்கு இசையவில்லை. அவள் மக்களும் சுற்றமும் இல்லாதவள் என்பதைச் சேக்கிழார் இவ்விடத்திற் கூறுகின்றார். அவளுக்கு உலகில் உள்ள ஒரே துணை எதிரே நிற்கும் அவ்வுடலே. உனக்கும் எனக்கும் ஈண்டு உறவு இல்லை என்னும் பொருள்பட மறுத்துவிட்டு அவர் ஊரிலுள்ள பொதுமடத்திற் புகுந்து யோகத்தில் அமர்ந்தார். அவள் அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் ஊரிலுள்ள நல்லோரிடம் சென்று முறையிட்டாள்.

இம்முறையீட்டை யாம் வழக்கு என்றே கருதுகின்றோம். நல்லோர் வந்து மடத்திலிருப்பவரை ஆராய்கின்றனர். அவர்கள் கூறிய முடிவு இரு கூறுடையது. இது பித்தன்று, வேறொரு சார்பால் நேர்ந்த மயக்கமும் அன்று, தெளிந்த சிவயோக நிலை, இதன் பெருமை அளத்தற்கரியது என்பது ஒரு கூறு. இவர் இனி முன்போல் உங்கள் சுற்றத்து இயல்புக்கு வாரார் என்பது மறு கூறு. இரண்டும் மடத்திலிருப்பவரின் நிலையைப் பற்றியன. முறையிட்டவள் இனி எவ்வாறு வாழ்வாள் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவள் கேட்டது ஒன்று. அவர்கள் விடை கூறியது வேறொன்று. முடிவைக் கேட்ட அவள் துயருற்று மயங்க, அருகிலிருந்தோர் அவளை அழைத்துச் சென்றனர். அதன்பின் அவள் புராணத்தில் இல்லை.

யோகியின் பெருமைக்கு இல்லாளின் பற்று இடையூறு ஆதலின் அவர் அதனை விலக்கினார் எனவும், அவள் மாயையின் குறியீடு எனவும் கூறி இப்பகுதியைக் கடந்து செல்லுதல் எளிது. யாம் இதனை ஏற்கவில்லை. குறியீட்டுக்கு உறக்கமின்மை வேண்டா. மக்களும் சுற்றமும் இல்லாமையும் வேண்டா. பற்றை இழித்துக் கூறுவதே நோக்கமாயின், பசுக்களின் பற்றுக்கு இரங்கி உடலையே மாற்றிக்கொண்ட ஒருவரை அதற்குச் சான்றாகக் காட்டல் பொருந்தாது. மோந்து அழுத ஆவுக்கு இரங்கியவர் தீண்ட வந்த பெண்ணுக்கு இரங்கிலரே என்னும் எண்ணம் கற்போர் உள்ளத்தில் எழுதல் இயல்பு. அவ்வெண்ணம் எழும்படியே செய்யுட்கள் நிரல்பட அமைந்துள்ளன. மேலும், திருமூலர் பெயரால் வழங்கும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைக் கூறுவதோடு அமையாது பரியங்க யோகத்தையும் கூறுகின்றது. ஆணும் பெண்ணும் கூடும் கூட்டத்தையே யோகமாகக் கொள்ளும் பகுதி அது. அந்நூலை இயற்றியவர்க்குப் பெண்ணின் அண்மை தன்னளவில் யோகத்துக்குப் பகை என்று கூறல் அந்நூலொடு மாறுபடும்.

அவ்வாறாயின் அவர் மறுத்தது ஏன்? அவள் அவர் மனைவி அல்லள் என்பதே விடை. உடல் மூலனுடையது, உயிர் பிறிது. அவ்வுடலைக் கொண்டு அவ்வில்லத்திற் புகுந்து வாழ்தல் களவு. இவ்வேறுபாட்டின் அருமையை உணர இத்தகைய பிற கதைகளை நோக்கல் வேண்டும். மாதவர் பெயரால் வழங்கும் சங்கர விசயத்தில், உபயபாரதியின் காமநூல் வினாக்களுக்கு விடை காணும்பொருட்டுச் சங்கரர் இறந்த அமருக வேந்தன் உடலிற் புகுந்து அரண்மனையில் வாழ்கின்றார். தம்மொடு வாழ்பவர் தம் கணவர் அல்லர் என்பது அரசியர்க்குக் கூறப்படவில்லை. அக்கதையாசிரியர் அதனை ஒரு குறையாகக் கருதியதாகவும் தெரியவில்லை. தமிழ்மக்கள் கேட்டு மகிழும் விக்கிரமாதித்தன் கதையில், அரசன் கிளியுடலிற் புகுந்த வேளை பார்த்து வஞ்சகன் ஒருவன் அரசனுடலிற் புகுகின்றான். அவனைக் கதையே கள்வன் என்கின்றது. பட்டியின் சூழ்ச்சியால் ஆறு மாதம் நாட்டிலும் ஆறு மாதம் காட்டிலுமாக வாழ்ந்து, ஆயிரமாண்டு ஆட்சியை இரண்டாயிரமாண்டு வாழ்வாக்கிய அரசன் அவன். பணிக்கும் செலவுக்கும் இவ்வாறு காலத்தைப் பகுத்துக்கொண்டவன் பிறிதொருவன் இல்லை எனலாம். ஆயினும் அக்கணக்கில் அரண்மனை மகளிர்க்குப் பங்கு எவ்வளவு என்பதைக் கதை சொல்லவில்லை.

மேனாட்டு நூலொன்றும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. அமெரிக்க நாட்டு வானொலித் தொழில் முதல்வர் இராபர்ட்டு மன்றோ 1958ஆம் ஆண்டு முதல் தமக்கு நேர்ந்தனவாகக் கூறும் உடல்நீங்கிய செலவுகளைத் தொகுத்து 1971இல் நூலாக வெளியிட்டார். பகலெல்லாம் தொழிலை நடத்திக்கொண்டு, குடும்பத்தொடு வாழ்ந்துகொண்டே இப்பயிற்சியை மேற்கொண்டவர் அவர். அந்நூலில் எம்மை நிற்கச் செய்த பகுதி ஒன்று உண்டு. வேறோர் உலகில் கட்டடக் கலைஞரும் ஒப்பந்தக்காரருமான ஒருவரின் உடலில் தாம் அடிக்கடி புகுந்ததாகவும், அவர்தம் தொழிலும் மனைவியின் இயல்பும் தமக்குத் தெரியாமையால் அம்மனிதரின் வாழ்வில் தம்மால் இடர்கள் விளைந்ததாகவும் அவர் எழுதுகின்றார். இதனைக் கனவென்பாரும் உளர்; உளநூலார் வேறு பெயர் இடுவர். எவ்வாறாயினும், புகுந்தவனால் புகப்பட்ட இல்லத்துக்கு இடர் நேரும் என்பதை அந்நூல் மறையாது கூறுகின்றது. சேக்கிழாரொடு ஒப்பிடத்தக்க நேர்மை அது. ஆனால் மன்றோ கூறுவது புகுந்தவனின் சங்கடத்தை. அம்மனைவி எதிரே நின்று தன் வழக்கை ஊரறியக் கூறும் இடம் அந்நூலில் இல்லை.

ஆகவே மறுத்தமை முறையே என்பதில் எமக்கு ஐயமில்லை. எமக்குள்ள குறை வேறு. அவர் மறுத்தார், ஆனால் உண்மை கூறினார் அல்லர். நின் கணவன் நேற்றுக் காவிரிக் கரையில் இறந்தான் என்னும் செய்தி அவளுக்குச் சொல்லப்படவில்லை. உறவில்லை என்ற சொல், கணவன் வாயினின்று வந்தது எனவே அவள் கொண்டாள். இறந்தவனுக்கு அழுதற்கும் அவளால் இயலாது. இருப்பவனொடு வாழ்தற்கும் இயலாது. மனைவியும் அல்லள், கைம்பெண்ணும் அல்லள் என்னும் இவ்விடைநிலையிலேயே ஊரார் அவளை அழைத்துச் செல்கின்றனர்.

யோகியார் அவ்விரவு கொண்ட கருத்து யாது என எண்ணிப் பார்க்கலாம். மறுநாள் அவர் ஆநிரை வந்த வழியே திரும்பிச் சென்று தம் உடலைத் தேடுகின்றார் என்று புராணம் கூறுதலின், மூலன் உடலை நெடுநாள் சுமக்க அவர் எண்ணியிருக்கவில்லை. தம் உடல் கிடைத்திருப்பின் மூலன் உடல் மீண்டும் காவிரிக் கரையில் விழுந்திருக்கும். ஊரார் அதனைக் கண்டிருப்பர். அவளும் கண்டிருப்பாள், செய்யத்தகும் கடன்களைச் செய்து அழுதிருப்பாள். சொல்லாது விட்ட உண்மையை உடலே சொல்லியிருக்கும். ஒருகால் இந்நம்பிக்கையாலேயே அவர் வாளா இருந்தார் எனக் கொள்ளினும் இழுக்கில்லை.

உடல் கிடைக்கவில்லை. ஆகமப் பொருளைத் தமிழில் இவர் வாக்கால் வகுப்பிக்க வேண்டும் என்னும் திருவருளால் இறைவன் அதனை மறைத்தான் என்று சேக்கிழார் காரணம் கூறுகின்றார். அவள் கண்ணீரே காரணம் என்று கூறினாரல்லர். யாமும் அவ்வாறு கூறமாட்டோம். ஆயினும், தொடர்பில்லை எனக் கூறிய மறுநாளே அவர் அவளுடைய கணவன் உடலிலேயே நிலையாகத் தங்க நேர்ந்தது என்பதைச் செய்யுட்களின் வரிசை காட்டுகின்றது. பின் மூவாயிரம் ஆண்டு ஆண்டுக்கொரு பாடலாக அவர் பாடிய நாவும் மூலனுடைய நாவே. தமிழுக்கு மூவாயிரம் மந்திரம் கிடைத்தது. அவளுக்கு ஒரு பிணமும் கிடைக்கவில்லை. கொடுக்கல் வாங்கலின் இவ்விரு பக்கத்தையும் சேக்கிழார் அருகருகே வைத்துவிட்டு ஒன்றும் கூறாது செல்கின்றார். சோழ அரசில் அமைச்சராயிருந்து பல வழக்குகளைக் கேட்டவர் எனப் போற்றப்படும் அவர்க்கு, தீர்ப்பு முடிந்தும் தீராத வழக்குகள் உண்டு என்பது தெரிந்திருக்கும்.

இன்னும் ஒன்று. உடலைக் காணாது மீளும் அவரை மூலன் குலத்தார் பின்தொடர்கின்றனர். அவர்க்குத் தமக்கும் அவர்க்கும் தொடர்பின்மையை முற்ற எடுத்துரைத்து அவர் அனுப்பிவிடுகின்றார். மனைவிக்கு ஒரு சொல்லால் மறுத்தது இப்பொழுது குலத்தார்க்கு முழுதும் விளக்கப்பட்டது. அவர்கள் திரும்பிச் செல்ல, அவர் ஆவடுதுறைக் கோயிலின் மேல்பால் ஓங்கிநின்ற அரச மரத்தின் கீழ் சென்று அமர்கின்றார். ஊர் திரும்பிய குலத்தார் தாம் கேட்டதனை அவளிடம் சென்று கூறினரா என்பதற்குப் புராணத்திற் சான்று இல்லை.