கம்பத்தடியும் சவுண்டு பெட்டியும்

இந்தியாவில் ரெக்கே இரவு எங்கே என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் கோவாவைக் காட்டுவார்கள். டெல்லியின் ரெக்கே ராஜாஸ் குழு 2016-இல் தொடங்கிய கோவா சன்ஸ்பிளாஷ், 1978-இல் ஜமைக்காவின் மான்டிகோ பேயில் பிறந்த ரெக்கே சன்ஸ்பிளாஷின் பெயரை நினைவுபடுத்துவது. பெயரோடு ஜமைக்கப் பாடகர்களும் வந்தார்கள். ஜமைக்க முறைப்படி அடுக்கிய ஒலிப்பெட்டிகளும் வந்தன. அதை நடத்துகிறவர்களின் சிரத்தையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் சவுண்ட் சிஸ்டம் என்பது, ஒரு தெரு தன் தேவைக்காகத் தானே செய்துகொண்ட ஏற்பாடு. 1950-களின் கிங்ஸ்டனில் வாத்தியக் குழுவை அமர்த்தக் காசில்லாத, மேட்டுக்குடி கிளப்புகளின் வாசலைத் தாண்ட முடியாத மக்களுக்காக டாம் தி கிரேட் செபாஸ்டியனும் டியூக் ரீடும் காக்ஸன் டாடும் பெட்டிகளைத் தெருவில் இறக்கினார்கள். சீட்டு வாங்கி, விமானம் ஏறி வருகிறவர்கள் கூடும் கடற்கரையில் அந்த ஏற்பாட்டின் வடிவம் கிடைக்கும். அதைப் பிறப்பித்த தேவை கிடைக்காது.

தேவையும் தெருவும் சேர்ந்து இருக்கும் இடம் கொங்கு நாடு. நோம்பி என்று நாம் சொல்லும் மாரியம்மன் பண்டிகையில், பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்ட நாளிலிருந்து, ஒவ்வொரு ராத்திரியும் இளவட்டங்கள் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறார்கள். பங்குனியில் ஈரோட்டில் பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் என மூன்று கோயில்களிலும் கம்பம் நடுவார்கள். கடைசி நாளில் மஞ்சள் நீராட்டுக்கு நடுவே மூன்றும் ஊர்வலமாகத் தண்ணீருக்குப் போகும். சிற்றூர்களில் இதே முறை சின்ன அளவில் நடக்கிறது. பறை, தவில், இப்போது பல ஊர்களில் ஜமாப் மேளம், இவற்றோடு ரேடியோ செட் என்று சொல்லும் வாடகை ஒலிபெருக்கி. ஆண்டுக்கு ஒருமுறை, உள்ளூர்க்காரர் பெட்டி, உள்ளூர்க்காரர் ஆட்டம், நுழைவுச்சீட்டு கிடையாது. ரெக்கே என்ற சொல் அங்கே ஒருவர் வாயிலும் வராது. ஆனாலும் சவுண்ட் சிஸ்டத்தைச் சுற்றிக் கூடி ஆடும் டான்ஸ்ஹால் என்ற ஏற்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நெருங்கி வருவது எதுவும் எனக்குத் தெரியவில்லை. கம்பத்து ராத்திரியை ஒரு கலை நிகழ்வாக எடுத்துக்கொண்டு, சவுண்ட் சிஸ்டம் மரபு வகுத்த கண்டிப்பான அளவுகோல்களால் அளந்து பார்ப்பதே இங்கே என் வேலை. அயல் அளவுகோல் எதற்கு என்ற ஆட்சேபம் எழலாம். பாட்டு எந்த வகை என்பதை நான் அளக்கவில்லை. பெட்டி, ஆள், தெரு மூன்றும் எப்படி ஒன்று கூடுகின்றன என்பதையே அளக்கிறேன். அது இரண்டு ஊருக்கும் பொதுவான கேள்வி.

முதலில் ஒலி. பழைய ரேடியோ செட்டின் அழகியல் ஐயத்துக்கு இடமில்லாதது. குழாய் என்னும் கூம்பு ஒலிபெருக்கியைத் தென்னையில் அல்லது மூங்கிலில் உயரக் கட்டி, வாயை அடுத்த ஊர்ப்பக்கம் திருப்பி வைப்பார்கள். குழாயால் தாழ்சுருதியைத் தர முடியாது. குரலின் நடுப்பகுதியைத்தான் அது தூக்கும், ஆனால் அதைக் காடு கழனி தாண்டிக் கொண்டு சேர்க்கும். அதன் பணி அழைப்பு. இந்த ஊரில் நோம்பி சாட்டியாயிற்று என்று மூன்று கல் தொலைவுக்குச் சொல்வது. எல்.ஆர். ஈஸ்வரியின் கூரான, வெட்டும் குரல் அம்மன் பாட்டின் குரலாகவே நிலைத்ததில் அந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அவர் குரல் விழும் எல்லையும் குழாய் பாடும் எல்லையும் ஒன்றுதான். கருவியும் பாட்டும் பயனும் ஒன்றுக்கொன்று இசைந்து நின்ற முழுமை அது.

ஜமைக்கப் பெட்டியின் நோக்கம் இதற்கு நேரெதிர். பதினெட்டு அங்குல ஸ்பீக்கர்களை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடைத்து, தரையிலிருந்து ஒரே இடத்தில் அடுக்குவார்கள். அது தூரத்தில் இருப்பவரை அழைப்பதற்கில்லை. வந்தவரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வதற்கு. ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பர்ன் ரட்டாக், கிங் டப்பி என்று பெயர் பெற்றதே தாழ்சுருதியையும் உச்சத்தையும் தனித்தனியே பிரித்து ஆளும் திறத்தால்தான். ஆடுகிறவர் ஒலியைக் கேட்பதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் வாங்குவார்.

இரண்டும் தத்தம் நோக்கில் குறையற்றவை. கொங்கில் இன்று நடப்பது இரண்டையும் குழப்பிய மூன்றாவது. காவல்துறை அனுமதி நிபந்தனைகளில் கூம்பு ஒலிபெருக்கி கூடாது என்ற வரி வழக்கமாகிவிட்ட பிறகு குழாய் இறங்கியது. பேஸ் பாக்ஸ் ஏறியது. கருவி மாறியும் கை மாறவில்லை. குழாயைக் கட்டிய பழக்கத்திலேயே பாக்ஸைத் தெரு நெடுக, இருபுறமும், எதிரெதிராக நிறுத்துகிறார்கள். ஐம்பது ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர். இரண்டு பெட்டிகளிலிருந்து வரும் தூர வித்தியாசம் அதில் பாதியாக, மூன்றரை மீட்டராக, அமையும் இடத்தில் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். தெருவில் நான்கு எட்டு நடந்தால் பேஸ் காணாமல் போகிறது. இன்னும் நான்கு எட்டில் காதைப் பிளக்கிறது. செட்டுக்காரர் இதைச் சரிசெய்ய வால்யூமைக் கூட்டுகிறார். பெட்டியின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார். ஆடுகிறவர்கள் நிற்கும் கம்பத்தடியில் ஒலி நிறைவதில்லை. தூங்கவேண்டிய கிழவி படுத்திருக்கும் கடைசி வீட்டில் ஜன்னல் அதிர்கிறது. செலவுக்கும் உழைப்புக்கும் குறைவில்லை, முறைதான் இல்லை.

சட்டத்தோடு வரும் பிணக்கும் பாதி இந்தக் குறையிலிருந்து வருவதுதான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணியை எல்லையாக வைத்து, பண்டிகைக்காக ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு இடம் தருகின்றன. ஜமைக்காவிலும் 1997-இல் இரைச்சல் தடுப்புச் சட்டம் வந்தது. டான்ஸ்ஹால் அங்கே இன்றும் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. ஒலியை ஆடுகளத்துக்குள் அடக்கத் தெரிந்த செட்டுக்கு இந்த எல்லை பாதிக் கெடுபிடிதான்.

அடுத்தது பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கோக்கும் கலை. இங்கே கொங்கு மரபுக்கு ஒரு பெரிய சிறப்பைக் கொடுத்தே ஆகவேண்டும். பழைய செட்டுக்காரரிடம் ஒரு நாள் முழுமைக்குமான ஒழுங்கு இருந்தது. விடியலில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு, பிறகு அம்மன், தீர்த்தக்குடம் தெருவுக்குள் வரும்போது ஒரு பாட்டு, மாவிளக்குக்கு ஒன்று, சாப்பாட்டு வேளைக்குப் பழைய படப்பாட்டு. சடங்கின் நடையைப் பாட்டின் வரிசை அப்படியே தொடர்ந்தது. கிங்ஸ்டனில் தட்டைத் தேர்ந்து போடும் செலக்டருக்குக்கூட இத்தனை நுட்பமான கால அட்டவணை கிடையாது.

ஆனால் ராத்திரி ஆட்டத்தில் அந்த நுட்பம் நின்றுவிடுகிறது. காக்ஸன் டாட் தன் இசைத்தட்டுகளின் சீட்டைச் சுரண்டிவிட்டு வைத்துக்கொள்வார்; வில்லிஸ் ஜாக்சனின் பாட்டு ஒன்று அவர் பந்தலில் காக்ஸன் ஹாப் என்றே வழங்கியது. எதிராளியிடம் இல்லாத பாட்டுதான் ஒரு சவுண்டின் மானம். பின்னாளில் அந்த வேட்கையே டப்பிளேட் ஆயிற்று: தன் செட்டின் பெயரைச் சொல்லிப் பாடவைத்துத் தனக்கு மட்டும் என்று வெட்டிய தட்டு. நம் செட்டுக்காரர்களின் பென் டிரைவில் இருப்பது எல்லாருக்கும் பொதுவான கோப்புறை. சென்ற பொங்கலுக்கு வந்த படத்தின் குத்துப்பாட்டு அவிநாசியிலும் அதுதான், அந்தியூரிலும் அதுதான். எந்த ஊர் செட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சொல்ல முடியாது. தனித்தன்மை இல்லாத இடத்தில் போட்டி பெட்டியின் உயரத்தில்தான் நடக்கும், நடக்கிறது.

இனி குரல். டான்ஸ்ஹாலை டான்ஸ்ஹாலாக்கியது மைக்கைப் பிடித்தவன். கிங் டப்பியின் செட்டில் யு-ராய் பாட்டு வரிகளை நீக்கிய தாளத்தின் மேல் பேசினார். 1970-இல் அந்தப் பேச்சே தட்டாக வெளிவந்து ஜமைக்காவின் பாட்டு உலகத்தைப் புரட்டியது. நம்மிடமும் பாட்டின் மேல் பேசும் ஒருவர் இருக்கிறார். அவர் நன்கொடைப் பட்டியல் வாசிக்கிறார். இன்னார் குடும்பத்தார் ஐநூற்று ஒரு ரூபாய், இன்னார் நினைவாக அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி. அந்த வாசிப்பில் ஒரு தாளம் உண்டு, பெயரை நீட்டும் விதத்தில் ஒரு கம்பீரமும் உண்டு. ஊர் தன் பெயரைத் தானே கேட்டுக்கொள்ளும் தருணம் அது, அதை இகழமாட்டேன். ஆனால் கலையாக அது தொடக்கத்திலேயே நின்றுபோனது.

இது வறுமையால் வந்த குறை இல்லை என்பதுதான் என்னை வருத்துவது. அழைப்பும் பதிலுமாகப் பாட்டைக் கட்டும் திறம் கொங்கில் வள்ளி ஒயில் கும்மியில் முழு உயிரோடு இருக்கிறது. ஆசான் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, நூறு பேர் அதை வாங்கி, காலில் போட்டு, திருப்பித் தருகிறார்கள். கோவை மாவட்டத்துக் கும்மி ஆசான் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாடு அறிந்தது அந்தத் திறத்தின் ஒரு துளியை. ஆண்கள் மட்டுமே ஆடிய அந்த ஒயில் கும்மிக்குள் பெண்களைக் கொண்டுவந்ததும் அவர் செய்த வேலைதான். குரல் கும்மிக் களத்தில் இருக்கிறது; பேஸ் கம்பத்தடியில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே கோயில் வாசலில், வேறு வேறு நாளில்.

இணைக்க முடியும் என்பதற்குச் சான்று வெளியிலிருந்து வந்தது. லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ., 2007-இல் வந்த காலா தொகுப்புக்காகச் சென்னையில் உறுமிக் கலைஞர்களைப் பதிவு செய்தார். அதிலுள்ள பாய்ஸ் பாட்டின் காணொளியை ஜமைக்காவில் அங்குள்ள ஆட்டக்காரர்களோடு எடுத்தார். உறுமியின் விம்மலும் டான்ஸ்ஹாலின் உதறலும் ஒன்றையொன்று தாங்கும் என்பதை அந்தப் பாட்டு ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. அதற்குப் பதினோரு ஆண்டு முன்பே லவ் பேர்ட்ஸ் படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் அப்பாச்சி இந்தியனைப் பாடவைத்தார்; அது உச்சரிப்பையும் உற்சாகத்தையும் வாங்கிவந்தது, தெருவை வாங்கவில்லை. எம்.ஐ.ஏ. பாட்டின் குறை வேறு. அது ஸ்டூடியோவில் வெட்டி ஒட்டிய சாதனை. அந்த உறுமிக்காரர்கள் தங்கள் ஊர் நோம்பியில் அதை ஒருநாள் வாசிக்கும் ஏற்பாட்டுக்கு அது வழி செய்யவில்லை.

அன்னூர்ப் பக்கம் ஒரு ஊரில் நான் பார்த்த சிறு நிகழ்வு இந்த அளவையை எனக்குத் தெளிவாக்கியது. டிராக்டர் ட்ரெய்லரில் பாக்ஸை அடுக்கி வைத்திருந்தார்கள். படப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கீழே பறைக்காரர்கள் அதே வேகத்தைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். மூத்த பறைக்காரர் மேலே பார்த்து, “கண்ணு, பாட்டை நிறுத்தீரு, அந்தத் தும் தும்மை மட்டும் உடு” என்றார். செட்டுக்காரப் பையனுக்குப் புரிந்தது. குரலையும் உச்சத்தையும் இறக்கி, பேஸை மட்டும் விட்டான். பறை மேலேறி உட்கார்ந்தது. அத்தனை நேரம் செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தவர்கள் வட்டத்துக்குள் இறங்கினார்கள். கிங் டப்பி செய்த வேலையை, அவர் பெயர் கேள்விப்படாத இருவர், மேளத்தின் தேவையிலிருந்தே கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நேரந்தான். கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து, பாட்டு ஏனுங்க நின்னுபோச்சு என்று கேட்டார். பாட்டு திரும்ப வந்தது.

அந்தக் கேள்வியில் இந்த இரவு யாருடையது என்ற கடைசி அளவுகோலும் அடங்கியிருக்கிறது. கிங்ஸ்டனில் செட்டின் சொந்தக்காரர்தான் இரவின் ஆசிரியர். இங்கே இரவு கமிட்டியுடையது. வீட்டுக்கு இவ்வளவு என்று கோயில் வரி போட்டு நோம்பி நடத்துகிறார்கள். யாரிடம் வரி வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குவதில்லை என்பதில் ஊரின் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். தாளத்தின் உயிரைக் கொடுக்கும் பறைக்காரர் பல இடங்களில் அந்த எல்லைக்கு வெளியே நின்று கூலி வாங்குகிறவர். ஜமைக்க மரபு ஒதுக்கப்பட்டவர்கள் தாங்களே கட்டிய களம். நம்முடையது ஒதுக்கப்பட்டவரின் கலையைக் கூலிக்கு அமர்த்தி மற்றவர் நடத்தும் களம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசும் எவரும் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போகக் கூடாது. செட்டுத் தொழிலுக்குள் சாதி கடந்த இளைஞர்கள் வந்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பெட்டி வாடகையில் ஏறும் பணத்தில் எவ்வளவு மேளத்துக்குப் போகிறது என்று கணக்குப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி நிலைக்காது.

ஆக, என் தீர்ப்பு இது. ஆண்டுதோறும் தவறாமல் திரும்பி வருவதிலும், தெருவிலேயே நடப்பதிலும், ஆடுகிறவர் பங்கேற்பிலும் கம்பத்து ராத்திரி உயர்ந்த தரத்தது. கோவா அதன் பக்கத்தில் வர முடியாது. ஒலி அமைப்பில் அது தன் பழைய முழுமையை இழந்து புதியதை எட்டாமல் நிற்கிறது. பகலின் பாட்டு வரிசை கலை. இரவின் வரிசை பழக்கம். குரல் இன்னும் பிறக்கவில்லை. உடைமையில் அது தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டிய கடன் பெரிது.

இவற்றில் பாதிக்கு மருந்து கமிட்டியின் கையெழுத்திலேயே இருக்கிறது. இப்போது செட்டு பேசும்போது எத்தனை பாக்ஸ், எத்தனை நாள் என்று பேசுகிறார்கள். பாக்ஸ் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக் கம்பத்தடியில் ஒரே இடத்தில் அடுக்கச் சொல்லி, மிச்சப்படும் வாடகையை மூத்த பறைக்காரருக்கும் மிக்சரில் உட்காரும் பையனுக்கும் கூலியில் சேர்த்து, பத்து மணிக்கு முன் ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தி மேளத்தையும் பேஸையும் கும்மி ஆசானின் மைக்கையும் மட்டும் விடலாம். வரும் பங்குனியில் ஏதாவது ஒரு ஊர் கமிட்டி இதைச் செய்து பார்க்கட்டும். அந்த இரவை இதே கண்டிப்போடு அளக்க நான் வந்து நிற்பேன்.