டாமியும் கோராவும்

ஆங்கிலேய ராணுவத்தில் படிவம் நிரப்பக் காட்டிய மாதிரிப் பெயர் 'தாமஸ் அட்கின்ஸ்'. 1815 வாக்கில் காகிதத்தில் இருந்த அது, பிறகு வெள்ளைச் சிப்பாய்க்கெல்லாம் 'டாமி' என்று ஒட்டிக்கொண்டது. கிப்ளிங் 1890-இல் 'டாமி' என்றே பாட்டெழுதினார். சண்டை வந்தால் புகழ்ச்சி, ஓய்ந்தால் மதுக்கடையில்கூட இடமில்லை என்று சிப்பாய் அதில் குறைப்படுகிறான். நியாயமான குறைதான், பாட்டின் பலமும் அதுவே.

ஆனால் 'கங்கா தீன்' பாட்டில், தண்ணீர் சுமந்து உயிரைவிட்ட நம்மாள் பெருமையையும் வெள்ளைச் சிப்பாயே சொல்கிறான். தீன் அவனை என்னவென்று நினைத்தான்? பாட்டில் அது இல்லை.

வடநாட்டார் அவர்களுக்கு வைத்த பெயர் 'கோரா', அதாவது வெள்ளைத்தோலன். சிவப்புச் சட்டையைப் பார்த்து வந்தது 'லால் குர்த்தி'; மீரட்டில் அந்தப் பெயரில் கடைத்தெருவே இருக்கிறது. நம் பிள்ளைகள் கிப்ளிங்கைப் படிக்கட்டும். அந்தத் தெருப்பெயரையும் சேர்த்தே படிக்கணும்.