எண்பது டிகிரி என்னும் பொய்

கார்பரேட்டர் வண்டியை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றுகிறவர்களும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான கம்பெனி இ.சி.யூ.வைக் கழற்றிவிட்டுத் தாமே ட்யூன் செய்துகொள்ளும் இ.சி.யூ.வைப் பொருத்துகிறவர்களும் ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும். கூலன்ட் வெப்பநிலையைச் சொல்லும் சென்சார் பழுதானால் எஞ்சின் எதை நம்பி ஓடுவது? பரவலான பதில் மிக எளிமையானது: வெப்பநிலை 80 டிகிரி என்று வைத்துக்கொண்டு ஓடட்டும். இ.சி.யூ.வின் செட்டிங்கிலேயே அந்த மாற்று மதிப்பை எழுதிவிடலாம். அதற்கு வழியில்லாவிட்டால் சென்சார் இருந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிடலாம். மதுரைச் சமவெளியில் இந்த ஏற்பாட்டில் குறையே தெரியாது. அதனால்தான் இதைச் சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் இதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சென்சார் சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருக்கும். 100 டிகிரியில் 200 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். வயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ தடை எல்லையற்றதாகிறது. இ.சி.யூ. அதைக் கடுங்குளிர் என்று படிக்கும். பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். உடனே குளிர் எஞ்சினுக்குரிய கூடுதல் பெட்ரோலை ஊற்றத் தொடங்கும். மே மாதத்து 40 டிகிரி வெயிலில் ஏற்கெனவே சூடாக இருக்கும் எஞ்சினுக்குத் துருவக் குளிரின் கலவை போனால் பிளக் கரி பிடிக்கும், சிலிண்டர் சுவரின் ஆயில் படலம் கழுவப்படும், கடைசியில் வண்டி நின்றுபோகும். இந்தக் கேட்டோடு ஒப்பிட்டால் 80 என்ற ஊகம் எவ்வளவோ மேல். மதுரையில் விடியற்காலைக் குளிர்கூட 20 டிகிரியை ஒட்டியே நிற்பதால், கூடுதல் பெட்ரோல் கிடைக்காவிட்டாலும் இரண்டு மூன்று முறை சாவியைத் திருப்பினால் எஞ்சின் எழுந்துவிடும்.

ஆனால் இந்த வெற்றி ஊருக்குரியது, முறைக்குரியது அல்ல. அதே வண்டி வத்தலக்குண்டு தாண்டி 2,000 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானலுக்கு ஏறி, ஒரு மார்கழி இரவு வெளியில் நிற்கட்டும். காலையில் 80 டிகிரிக்கான மெலிந்த கலவையில் அது எளிதில் ஸ்டார்ட் ஆகாது. இதுவாவது அலைச்சலோடு முடியும். ஏறும்போது நேர்வதுதான் பெரிய சேதம். அந்தச் சென்சார் சொல்லும் ஒரே எண்ணைப் பல வேலைகள் நம்பியிருக்கின்றன. பெட்ரோல் அளவும் ஐடில் வேகமும் அதைக் கேட்கின்றன. ரேடியேட்டர் ஃபேனை எப்போது சுழற்றுவது, எஞ்சின் கொதித்தால் எப்போது எச்சரிப்பது என்ற முடிவுகளும் அதையே கேட்கின்றன. ஃபேன் பல வண்டிகளில் 90 டிகிரியைத் தாண்டிய பிறகே ஓடும். என்றைக்கும் 80 என்றே காட்டும் இ.சி.யூ., ஃபேன் ஓட வேண்டிய நேரத்தை ஒருபோதும் அறியாது. கலவைக்குப் பாதுகாப்பான ஊகம், குளிர்விப்புக்கு ஆபத்தான ஊகமாக முடிகிறது. வெயிலும் மலையேற்றமும் சேரும் நேரத்தில் ஹெட் கேஸ்கெட் போகிறது.

உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலைச் சென்சாரிலும் இதே முரண்தான். அது பழுதானால் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வதாகக் கொள்வோம். பானட்டுக்குள் உண்மையில் 60 டிகிரி இருந்தால், காற்றின் அடர்த்தியைக் கணக்கிட்டு எரிபொருள் தரும் இ.சி.யூ. சுமார் 12 சதவீதம் அதிகமாக ஊற்றும். அதை எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். ஆனால் சூடான காற்றுக்காக இக்னிஷனைப் பின்தள்ள வேண்டியதை அது செய்யாது, நாக்கிங் வரும். மாறாக 60 என்று ஊகித்தால் இக்னிஷன் பத்திரமாக இருக்கும். குளிர்ந்த காற்று வரும்போது கலவை மெலியும். ஆக, எல்லா வேலைக்கும் பொருந்தும் ஒற்றைப் பாதுகாப்பு எண் என்று ஒன்றில்லை. மாற்று மதிப்பு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. எல்லா வேலைக்கும் ஒரே மதிப்பை வைத்து, அதை ஓட்டுபவருக்குத் தெரியாமலும் வைப்பதுதான் பிழை.

ஃபேனை பேட்டரியிலிருந்து டைரக்டாகக் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நம் பட்டறைகளில் பழகிப்போன தீர்வு அது, பாதி சரியானதும்கூட. ஆனால் ஃபேன் சுழல்வதால் கசிந்துபோன கூலன்ட் திரும்பி வராது, எச்சரிக்கையும் கிடைக்காது. டேஷ்போர்டு முள்ளைப் பார்த்து ஓட்டினால் போயிற்று என்பது இன்னொரு வாதம். முள்ளுக்குத் தனிச் சென்சார் இருந்தால் அது செல்லும். அதே சென்சாரை அல்லது இ.சி.யூ.வையே நம்பும் வண்டிகளில் முள்ளும் அதே பொய்யைத்தான் சொல்லும். சில நூறு ரூபாய்ச் சென்சாரை மாற்றிவிட்டால் கதை முடிந்தது என்பவர்கள், பழுது நாற்கரச் சாலையில் நள்ளிரவில் நேரும் என்பதை மறக்கிறார்கள். மாற்றுவதற்கே பழுது என்று முதலில் தெரிய வேண்டும். வலுவான மறுப்பு ஒன்றுதான்: எச்சரிக்கை என்ற பெயரில் இ.சி.யூ. வண்டியை வழியில் நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தவும் தேவையில்லை. கலவைக்கு ஓடிச் சூடேறிய எஞ்சினின் மதிப்பு, ஸ்டார்ட்டிங்குக்குக் காற்றுச் சென்சாரிலிருந்து பெற்ற ஊகம், ஃபேனுக்கு இடைவிடாத ஓட்டம், ஆர்.பி.எம்.முக்கு ஓர் உச்சவரம்பு, கண்ணுக்கு ஒரு விளக்கு என்று பிரித்துக் கொடுத்தால் வண்டி வீடு வந்து சேரும். கம்பெனி இ.சி.யூ.க்கள் பல இப்படித்தான் நடந்துகொள்கின்றன. இரவெல்லாம் நின்ற வண்டியில் காற்றும் கூலன்டும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தைக் காட்ட வேண்டும் என்ற சோதனையையும் சேர்த்தால், அறுந்துபோகாமல் தவறாகப் படிக்கும் சென்சாரும் பிடிபடும்.

இல்லாததை வைத்துச் சமாளிப்பது மதுரைக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டில் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைத் தயாரித்து வண்டிகளை ஓட வைத்தது. கரிவாயுவில் ஓடுகிறோம் என்பது அன்றைய ஓட்டுநருக்குத் தெரியும். அதற்கேற்ப மேட்டில் ஏறினார். இன்றைய மாற்று மதிப்பும் அவ்வளவு வெளிப்படையாக இருக்க வேண்டும். ட்யூன் செய்து வண்டியை ஒப்படைக்கும் முன், கூலன்ட் சென்சார் கனெக்டரை ஒருமுறை கழற்றிவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். ஃபேன் சுழன்று, விளக்கும் எரிந்தால் மட்டுமே அந்த ட்யூனிங் முடிந்தது.