250 பவுன் கார்

பவுன் என்றதும் நாஞ்சில் நாட்டில் யாரும் கல்யாணப் பேச்சு என்றுதான் காதைத் தீட்டிக்கொள்வார்கள். நான் சொல்வது இங்கிலாந்துப் பணம். 250 பவுன் செலவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே கட்டிவிடலாம் என்று ரான் சாம்பியன் என்பவர் 1996-ல் ஒரு புஸ்தகம் எழுதினார். ஹேன்ஸ் பிரசுரம். மோட்டார்ப் பைத்தியங்களின் சமாசாரம் என்று இலக்கிய வாசகர்கள் இதை ஒதுக்கிவிடக் கூடும். ஒதுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கி, எஞ்சின், கியர்பெட்டி, பின் ஆக்சில் எல்லாவற்றையும் கழற்றிக்கொள்ள வேண்டியது. ஓரங்குலச் சதுர இரும்புக் குழாய்களை அறுத்து, வெல்டு வைத்து, ஒரு கூடு செய்ய வேண்டியது. கூட்டுக்கு அலுமினியத் தகடு போர்த்தி, கழற்றிய உறுப்புகளை அதற்குள் பொருத்தினால் கார். உருவம் மட்டும் சாம்பியனுடையதல்ல. 1957-ல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் அதற்கு மூலம். அந்த லோட்டஸும் உதிரியாக விற்கப்பட்டதுதான். முழுக் காருக்கு அங்கே கொள்முதல் வரி உண்டு, உதிரிக்கு இல்லை. பூட்டும் விதத்தைச் சொல்லித்தரக் கூடாது என்று சட்டம் சொன்னதால், பிரிக்கும் விதத்தை அச்சிட்டுக் கொடுத்தார்களாம். வாங்கியவன் அதைக் கடைசியிலிருந்து வாசித்துக்கொள்ள வேண்டியது. 1973-ல் வரி முறை மாறியதும் இந்த வேடிக்கை முடிந்தது.

சாம்பியன் புஸ்தகத்தின் தலைப்பில் உள்ள தொகையை நம்ப முடியாது. கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் போலப் பல மடங்கு ஆயிற்று. குழாய் அளவுகளிலும் பிழைகள் இருந்தன. கட்டியவர்கள் அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தி, புதுப் படங்கள் வரைந்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட வாசகர்கள் எந்த நாவலாசிரியனுக்குக் கிடைக்கிறார்கள்? பிழையைக் கண்டால் மூடி வைத்துவிடுகிற வாசகனைத்தான் நாங்கள் அறிவோம். வாசகனுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, ஆனால் அவனால் முடியும் என்ற நம்பிக்கையோடு சாம்பியன் பேசுகிறார். நம் மொழியில் தொழில் நூல் எழுதுகிறவர்களுக்கு இதில் இரண்டாவது பாதி கைவரவில்லை.

நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் இதிலுள்ள படங்களைக் காட்டினேன். ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பார்த்தார். “செஞ்சு நான் தாறேன் அண்ணாச்சி, நம்பர் யாரு தாறது?” என்று கேட்டார்.

விமர்சனம் செய்ய வந்த நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். இங்கிலாந்தில் ஒருவன் ஒரே ஒரு கார் கட்டினாலும் அதைத் தனியாகச் சோதித்து ரோட்டுக்கு அனுமதிக்க 1998 முதல் ஒரு முறை இருக்கிறது. 2009-ல் அதைக் கடுமையாக்கினார்கள். நமது மோட்டார் வாகன விதிகள் தொழிற்சாலையை மனத்தில் வைத்து எழுதியவை. முன்மாதிரி வண்டி ஒன்றைச் சோதனைச் சாலையில் தேற வைத்துவிட்டு ஆயிரக்கணக்கில் செய்து விற்பவனுக்கு அவை பொருந்தும். தனக்கென்று ஒன்று மட்டும் கட்டுகிறவனுக்கு அதில் இடமில்லை.

இது நமக்குப் புதிதுமல்ல. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு 1952-ல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் போகும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை; கார் அத்துடன் நின்றது. அவராவது பெரிய முதலாளி. 2021 டிசம்பரில் மகாராஷ்டிரத்தில் சாங்கிலிப் பக்கத்துக் கொல்லர் ஒருவர், பழைய சாமான்களைக் கொண்டு சுமார் அறுபதாயிரம் ரூபாயில், காலால் உதைத்துக் கிளப்புகிற குட்டி ஜீப் ஒன்று செய்திருந்தது நாடெங்கும் பேச்சாயிற்று. ஆனந்த் மகிந்திரா அவரைப் பாராட்டினார். விதிக்குப் புறம்பான வண்டி, அதிகாரிகள் என்றைக்காவது நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னார். அதை எங்களுக்குக் கொடுத்துவிட்டு ஒரு பொலேரோ வாங்கிக்கொள்ளும் என்றார். அடுத்த மாதம் பொலேரோ வந்தது. கொடுத்தவரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று ஒரு கார் செய்தவர் கார் வைத்திருப்பவராக ஆனார். ஊர் கை தட்டியது.

பிரேக் பிடிக்காத வண்டி ரோட்டில் வரலாமா என்பார்கள். வரக் கூடாதுதான். பிரேக்கைச் சோதியுங்கள். பட்டறைக்காரரும் அதைத்தான் கேட்கிறார்.