ஐந்து விழுக்காட்டு வேலி: நெல் ரகச் சோதனையும் இரு பிழைகளும்

புதிய நெல் ரகம் பழையதை வென்றதா என்பதை வயல் சோதனைகளில் பெரும்பாலும் 5 விழுக்காட்டு மிகைகாண் நிலைதான் (மெய்யான வேறுபாடு இல்லாதபோதும் உண்டென்று தவறாகக் கொள்ளும் வாய்ப்பின் வரம்பு) தீர்மானிக்கிறது. இத்தகைய சோதனைகளின் மகசூல் அட்டவணைக்குக் கீழே ஓர் எல்லை எண் இருக்கும். இரண்டு ரகங்களின் சராசரி மகசூல் அதற்கு மேல் விலகினால்தான் வேறுபாடு மெய்யென்று கொள்ளப்படும்.

இதன் பயன் பெரிது. வாய்க்கால் ஓரத்துப் பாத்தியின் வளம் விதையின் பெருமையாக எழுதப்படாமல் இந்த எல்லை காக்கிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் பணியாற்றிய புள்ளியியலாளர் ஃபிஷர் 1925இல் எழுதிய நூலால் இந்த 5 விழுக்காட்டு அளவு பரவியது. இருபதில் ஒன்று என்ற அளவை அவர் வசதி கருதியே எடுத்துக்கொண்டார். பிற்காலத்தார் அதைச் சட்டமாக்கிவிட்டனர்.

புள்ளியியலாளர்களான நெய்மனும் எகான் பியர்சனும் இரு பிழைகளைப் பிரித்துக் காட்டினர். இல்லாத மேன்மையை உண்டென்பது முதல்வகை. இருக்கும் மேன்மையைக் காணத் தவறுவது இரண்டாம் வகை. 5 விழுக்காடு கட்டுப்படுத்துவது முதலாவதை மட்டுமே. அதுவும் ஒரே ஓர் ஒப்பீட்டுக்குத்தான்: மெய்யான வேறுபாடே இல்லாத 20 தனித்தனி ஒப்பீடுகளில் ஒன்றாவது எல்லையைத் தாண்டிவிடும் வாய்ப்பு 64 விழுக்காடு.

உழவரை அதிகம் பாதிப்பது இரண்டாம் பிழை. ஒரு ரகம் எக்டேருக்கு உண்மையிலேயே 400 கிலோ கூடுதலாகத் தருவதாகக் கொள்வோம். அது ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை இரண்டரைக்கு மேல். சிறு விவசாயிக்கு அது அற்பமல்ல. பாத்திக்குப் பாத்தி மகசூலின் திட்டவிலக்கம் 500 கிலோ, ஒவ்வொரு ரகத்துக்கும் மூன்றே பாத்திகள் என்றால் எல்லை எண் ஏறக்குறைய 850 கிலோ ஆகும். பத்துச் சோதனைகளில் எட்டுக்கும் மேல் இந்த ரகத்தைத் தவறவிடும். பத்தில் எட்டு முறை கண்டுகொள்ள வேண்டுமானால் ரகத்துக்கு ஏறத்தாழ 25 பாத்திகள் தேவை. ஒரே பண்ணையில் அது அரிது. பல ஊர்களில், பல பருவங்களில், உழவர் வயல்களிலும் சோதிப்பது இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது.

முறையைவிட அதைப் படிக்கும் விதமே கூடுதல் பிழையுடையது. எல்லையைத் தாண்டாததை “வேறுபாடு இல்லை” என எழுதுவது தவறு. அதே மூன்று பாத்திச் சோதனையில் 400 கிலோ வேறுபாடு கிடைத்தால், மெய்யான வேறுபாடு 450 கிலோ குறைவு முதல் 1,250 கிலோ கூடுதல் வரை எங்கும் இருக்கலாம். அட்டவணையில் அச்சாக வேண்டியது இந்த வீச்சுதான்.